மெதுவான ஒரு போர்ட் மற்றவற்றையும் நிறுத்தியது ஏன்: சுவிட்ச் பஃபர் சோதனைப் பதிவு

சேமிப்புக் கணினியிலிருந்து மேசைக் கணினிக்குப் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது விநாடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் வருவது என் வலையமைப்பில் வழக்கம். சில இரவுகளில் மட்டும் அந்த வேகம் 11 அல்லது 12 மெகாபைட்டுக்குச் சரிந்து, அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ அப்படியே கிடந்து, பிறகு யாரும் எதையும் தொடாமலேயே பழைய நிலைக்குத் திரும்பியது. முதல் இரண்டு முறை வட்டின் மீது சந்தேகப்பட்டேன். மூன்றாம் முறை அலட்சியப்படுத்த முடியவில்லை.

சரியாகப் பத்தில் ஒரு பங்காக வேகம் குறைந்தால், வலையமைப்பில் பழகியவர் எவரும் முதலில் கம்பியைத்தான் பார்ப்பார். ஜிகாபிட் ஈத்தர்நெட்டுக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். ஆகவே முனையில் ஓர் இணை தளர்ந்திருந்தால் இணைப்பு அறுந்துபோகாமல் 100-க்கு இறங்கி நிற்கக்கூடும். நானும் அதையே நம்பி இரண்டு கம்பிகளை மாற்றினேன். ஆனால், வேகம் குறைந்திருந்த நேரத்திலேயே இரு கணினிகளிலும், வலையமைப்பு அட்டையின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையை இயக்கிப் பார்த்தபோது, இரண்டு இணைப்புகளும் 1000 மெகாபிட், முழு இருவழி (ஒரே நேரத்தில் இரு திசையிலும்) என்றே காட்டின. பிழையான ஃபிரேம்களின் (கம்பியில் போகும் தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கை பூஜ்யம். வட்டைத் தனியே சோதித்ததில் அதுவும் நலமாக இருந்தது. பத்தில் ஒன்று என்ற அந்த எண் என்னைத் திசைதிருப்பியதோடு, பின்னால் பார்த்தால், உண்மையான காரணத்தையும் அதுவே சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது.

வேகம் குறைந்த நேரங்களைக் குறித்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு பொருத்தம் தெரிந்தது. சேமிப்புக் கணினி தன் முக்கியமான கோப்புறைகளை ஒரு பழைய கணினிக்கு இரண்டாம் பிரதியாக அனுப்பும் வேலை அதே நேரத்தில்தான் ஓடியது. அந்தப் பழைய கணினியின் வலையமைப்பு அட்டை 100 மெகாபிட் மட்டுமே தாங்கும். மூன்று கணினிகளும் மேலாண்மை வசதி எதுவும் இல்லாத, எட்டுப் போர்ட் (கம்பி செருகும் இடம்) கொண்ட ஒரு ஜிகாபிட் சுவிட்சில், அதாவது தரவை உரிய கணினிக்குக் கடத்தும் பெட்டியில், சேர்ந்திருந்தன. பிரதியெடுக்கும் வேலையை நிறுத்தியதும் நகல் வேகம் உடனே ஏறியது. மீண்டும் தொடங்கியதும் சரிந்தது.

இது எனக்குப் புரியவில்லை. சேமிப்புக் கணினியின் இணைப்பு 1000 மெகாபிட். பழைய கணினிக்குப் போவது, அது எவ்வளவு முயன்றாலும், 100-ஐத் தாண்டாது. மீதி 850-ஆவது மேசைக் கணினிக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்ததோ 100 (ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 11, 12 மெகாபைட் என்பது ஏறத்தாழ இதுதான்). நடுவில் 750 மெகாபிட்டை விழுங்கியது யார் என்பதே இந்தப் பதிவின் கேள்வி.

எண்ணிகள் சொன்னது

கோப்புகளையும் வட்டையும் கணக்கிலிருந்து விலக்க, ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரலைக் கொண்டு வெறும் டிசிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பிச் சேர்க்கும் நெறி) ஓட்டத்தை மட்டும் அளந்தேன். சேமிப்புக் கணினியிலிருந்து மேசைக் கணினிக்குத் தனியாக 941 மெகாபிட். பழைய கணினிக்குத் தனியாக 94.1. இவ்விரண்டும் அவ்வவ்வேகத்தின் உச்சங்கள். ஒவ்வொரு முழு ஃபிரேமும் முன்னொலியும் இடைவெளியும் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்க, நேரமுத்திரையுள்ள டிசிபியில் அதில் 1448 பைட்தான் பயன்படு தரவாக இருப்பதால், நூற்றுக்கு 94.1-க்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. இரண்டு ஓட்டங்களையும் ஒன்றாக விட்டபோது பழைய கணினிக்கு 94, மேசைக் கணினிக்கும் 100-ஐ ஒட்டிய ஓர் எண். இரண்டிலும் மறு அனுப்பீடு ஒன்றுகூட இல்லை.

அந்தக் கடைசி வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆயிரத்தில் வந்து நூறில் வெளியேற வேண்டிய இடத்தில் ஒரு ஃபிரேம்கூடத் தொலையவில்லை என்றால், அனுப்புபவரை யாரோ பிடித்து நிறுத்துகிறார்கள் என்றுதான் பொருள்.

பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிறுத்துபவரைத் தேடியதில் ஒரு மாலைப் பொழுது வீணாயிற்று. அனுப்புவதைச் சற்று நிறுத்து என்று சொல்லும் இடைநிறுத்த ஃபிரேம்களை வலையமைப்பு அட்டையே படித்து, கீழ்ப்படிந்து, அங்கேயே அழித்துவிடும். இயங்குதளம் வரை அவை வருவதில்லை. ஆகவே பிடிப்பு நிரலில் அவை தோன்றாததை வைத்து அவை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பார்க்க வேண்டிய இடம் அட்டையின் எண்ணிகள். ஈத்டூலைப் பெரிய எஸ் தெரிவுடன் இயக்கினால் வரும் நீண்ட பட்டியலில், பெறப்பட்ட எக்ஸ்ஆஃப் (நில்), பெறப்பட்ட எக்ஸ்ஆன் (தொடர்) என்ற இரண்டு வரிகள் என் அட்டையில் இருந்தன. இரண்டு ஓட்டங்களும் ஒன்றாக ஓடியபோது அவை விநாடிக்குப் பல நூறு வீதம் ஏறின. பழைய கணினிக்கான ஓட்டத்தை நிறுத்தியதும் அசையாமல் நின்றன.

நிறுத்தச் சொல்லும் ஃபிரேம்

இந்த வழக்கத்தை ஈத்தர்நெட்டுக்குள் முறையாகக் கொண்டுவந்தது 1997-இல் வந்த 802.3எக்ஸ் நெறி. அதற்கு முந்தைய அரை இருவழி இணைப்புகளில், பஃபர் (ஃபிரேம்கள் காத்திருக்கும் நினைவகம்) நிரம்பிய சுவிட்ச் வேண்டுமென்றே ஒரு மோதலை உண்டாக்கி அனுப்புபவரைப் பின்வாங்க வைக்க முடிந்தது. முழு இருவழியில் மோதல் என்பதே இல்லாததால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும் முறை எளியது. 64 பைட் கொண்ட ஒரு சிறு ஃபிரேம், 01-80-சி2-00-00-01 என்ற பொது முகவரிக்கு, பதினறும எண்முறையில் 8808 என்ற வகைக் குறியுடன் போகும். அதனுள் முக்கியமானது ஓர் எண் மட்டுமே: எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது. அது 0 முதல் 65,535 வரை இருக்கலாம். ஒவ்வோர் அலகும் 512 பிட்கள் கம்பியில் போக ஆகும் நேரம். ஜிகாபிட் இணைப்பில் உச்ச மதிப்பு ஏறத்தாழ 33.6 மில்லிவிநாடி, 100 மெகாபிட் இணைப்பில் அதைப் போல் பத்து மடங்கு. பூஜ்யம் வந்தால் உடனே தொடரலாம் என்று பொருள். எண்ணிகள் எக்ஸ்ஆஃப் என்றும் எக்ஸ்ஆன் என்றும் குறிப்பது இவ்விரண்டையே.

அந்த முகவரிக்கு வரும் ஃபிரேமை எந்தச் சுவிட்சும் அடுத்த போர்ட்டுக்குக் கடத்தாது. ஆகவே நிறுத்தக் கட்டளை ஒரு கம்பியின் இரு முனைகளுக்கு இடையிலான பேச்சு மட்டுமே. பழைய கணினியின் போர்ட் நிரம்பிவிட்டது என்று சேமிப்புக் கணினிக்குச் சொல்ல அந்த ஃபிரேமில் இடமே கிடையாது. யாருக்கான சரக்கு தேங்கியது, யாருக்கானது தேங்கவில்லை என்ற வேறுபாடு இன்றி, கம்பி முழுவதையும் நிறுத்து என்பது ஒன்றே அதனால் சொல்லக்கூடியது. கடைமடை வயல் ஒன்று நிரம்பிவிட்டது என்பதற்காகத் தலைமடையை அடைத்தால் நடுவிலுள்ள வயல்களெல்லாம் காயும். என் மேசைக் கணினி அப்படிக் காய்ந்த வயல்.

மேசைக் கணினிக்குக் கிடைத்த எண் ஏன் ஐம்பதாகவோ முந்நூறாகவோ இல்லாமல் நூறை ஒட்டி நின்றது என்பதற்கும் இதிலேயே விடை கிடைத்தது. சேமிப்புக் கணினியின் லினக்ஸ், வெளியேறும் வரிசையில் காத்திருக்கும் ஓட்டங்களுக்கு மாறி மாறி வாய்ப்புத் தருகிறது: இவருக்கு ஒரு ஃபிரேம், அவருக்கு ஒரு ஃபிரேம். பழைய கணினியின் போர்ட்டில் ஒரு முழு ஃபிரேம் வெளியேற 123 மைக்ரோவிநாடி ஆகும். அதாவது விநாடிக்கு 8127 ஃபிரேம்கள். அடைப்பு திறக்கும் ஒவ்வொரு முறையும் பழைய கணினிக்கு எத்தனை ஃபிரேம்கள் போகின்றனவோ ஏறத்தாழ அத்தனைதான் மேசைக் கணினிக்கும் போகும். எனவே வேகமான ஓட்டம் மெதுவான ஓட்டத்தின் நடைக்கு இறங்கிவிடுகிறது. வரிசையின் தலையில் நிற்பவர் நகராததால் பின்னால் நிற்பவரும் நகராத இந்த நிலையைத் தலைமறிப்பு என்று சொல்லலாம்.

அணைத்துப் பார்த்தது

மேலாண்மை இல்லாத சுவிட்சில் இந்த வசதியை அணைக்கும் பொத்தான் எதுவும் இல்லை. ஆனால் இடைநிறுத்தம் என்பது இணைப்பு ஏற்படும்போது இரு முனைகளும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று. ஒரு முனை அதை அறிவிக்காவிட்டால் மறுமுனையும் விட்டுவிடும். ஆகவே சேமிப்புக் கணினியின் பக்கத்தில் அணைத்தால் போதும்.

இங்கே ஒரு தவறு செய்தேன். ஈத்டூலின் பெரிய ஏ தெரிவில் அனுப்புதல், பெறுதல் என்று இரண்டு நிலைகள் உண்டு. சிக்கல் கோப்பு அனுப்பும்போதுதானே வருகிறது என்று எண்ணி அனுப்புதலை மட்டும் அணைத்தேன்; எந்த மாற்றமும் இல்லை. அந்த நிலைகள் கோப்பைப் பற்றியவை அல்ல, நிறுத்தக் கட்டளையைப் பற்றியவை. அனுப்புதல் என்றால் நாம் பிறரை நிறுத்துவது. பெறுதல் என்றால் பிறர் நிறுத்தச் சொன்னால் நாம் நிற்பது. எனக்கு அணைக்க வேண்டியிருந்தது இரண்டாவது. இரண்டையும் அணைத்து, தானியங்கிப் பேச்சை மட்டும் அப்படியே விட்டேன். இணைப்பு இரண்டு மூன்று விநாடிகள் அறுந்து மீண்டும் வந்தது. தொலைவிலிருந்து உள்நுழைந்து இதைச் செய்பவர்கள் அந்த இடைவெளியை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுபடி இரு ஓட்டங்களையும் விட்டேன். மேசைக் கணினிக்கு 840-க்கு மேல், பழைய கணினிக்கு 93-க்கும் 94-க்கும் இடையில். எக்ஸ்ஆஃப் எண்ணி நகரவில்லை. அதற்குப் பதிலாக, பழைய கணினிக்கான ஓட்டத்தில் மறு அனுப்பீடுகள் தோன்றத் தொடங்கின. சுவிட்ச் இப்போது நிரம்பியபின் வரும் ஃபிரேம்களை எந்தச் சத்தமும் இன்றிக் கீழே போடுகிறது.

ஃபிரேம் தொலைந்தும் பழைய கணினிக்கான வேகம் ஏன் குறையவில்லை என்பது எனக்கு அடுத்த புதிராக இருந்தது. அதற்கு பஃபரின் அளவு தெரிய வேண்டும்.

சுவிட்சின் விவரத்தாளில் பஃபர் 192 கிலோபைட் என்று அச்சிட்டிருந்தது. அதில் ஒரு போர்ட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுதியிருக்கவில்லை. அளந்துதான் பார்க்க வேண்டும். வரிசை எண் பொறித்த யுடிபி (தொலைந்தாலும் மறுபடி அனுப்பாத நெறி) பாக்கெட்களை ஜிகாபிட் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் பழைய கணினிக்கு அனுப்பி, மறுமுனையில் முதன்முதலாக எந்த எண் வராமல் போகிறது என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். முழு அளவு ஃபிரேம்களில் முதல் இழப்பு 95-ஐ ஒட்டி வந்தது. 95 ஃபிரேம்கள் நுழையும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு வெளியேறிவிடும் என்பதால், உள்ளே தேங்கியவை ஏறத்தாழ 85. ஆக ஒரு போர்ட்டுக்குக் கிடைப்பது 130 கிலோபைட்டை ஒட்டிய இடம். எல்லாப் போர்ட்களுக்கும் பொதுவான பஃபரை ஒரே போர்ட் முழுவதுமாக எடுத்துக்கொள்ள முடியாதபடி ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

அதே சோதனையை 64 பைட் ஃபிரேம்களைக் கொண்டு செய்தால் இரண்டாயிரம் ஃபிரேம்களாவது தாங்கும் என்று எதிர்பார்த்தேன். நிரலால் அந்த வேகத்தில் அனுப்ப முடியாததால் லினக்ஸ் கருவுக்குள்ளேயே (கெர்னல்) உள்ள பேக்கெட்ஜென் என்ற அனுப்பியைப் பயன்படுத்தினேன். முதல் இழப்பு 570-ஐ நெருங்கியபோதே வந்துவிட்டது. தேங்கியவை 510-ஐ ஒட்டியவை. இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விளக்கம்தான் பொருந்துகிறது: பஃபர் 256 பைட் கொண்ட சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு போர்ட்டுக்கு 512 அறைகள். முழு ஃபிரேம் ஆறு அறைகளை எடுக்கும், 512-ஐ ஆறால் வகுத்தால் 85. சிறு ஃபிரேம் 64 பைட்டே ஆனாலும் ஓர் அறையை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். விவரத்தாளில் உள்ள கிலோபைட் கணக்கைச் சிறு ஃபிரேம்கள் மிகுந்த வலையமைப்பில் அப்படியே நம்ப முடியாது என்பது இந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத பலன்.

இனி கணக்கு எளிது. 130 கிலோபைட் பஃபர் 100 மெகாபிட் வழியாக வடிய ஏறத்தாழ 10.5 மில்லிவிநாடி ஆகும். ஜிகாபிட் பக்கத்திலிருந்து நிரம்ப 1.2 மில்லிவிநாடி கூட ஆகாது. மேசைக் கணினியிலிருந்து பழைய கணினிக்கு பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் சிறு பாக்கெட்) அனுப்பிப் பார்த்தபோது, சும்மா இருக்கையில் அரை மில்லிவிநாடிக்குள் வந்த பதில், ஓட்டம் நடக்கையில் 10-ஐத் தொட்டுத் தொட்டுக் கீழிறங்கியது. அப்படி மேலும் கீழுமாக அசைந்தது டிசிபியின் மூச்சு. ஒரு ஃபிரேம் தொலைந்தது தெரிந்ததும் லினக்ஸின் க்யூபிக் (டிசிபியின் வேகத்தை ஆளும் முறை) தன் சாளரத்தை, அதாவது பதில் வருமுன் அனுப்பக்கூடிய அளவை, பத்தில் ஏழாகச் சுருக்கிக்கொள்ளும். இவ்வளவு குறுகிய வலையமைப்பில் கம்பியில் பறந்துகொண்டிருக்கும் தரவு நான்கு கிலோபைட் அளவே. மற்றதெல்லாம் சுவிட்சின் பஃபரில் வரிசையில் நிற்பது. பத்தில் ஏழாகச் சுருக்கினாலும் பஃபரில் 90 கிலோபைட் அளவு மிஞ்சியிருப்பதால் பழைய கணினியின் போர்ட் ஒரு கணமும் சும்மா நிற்பதில்லை. தொலைந்த ஃபிரேமை மறுபடி அனுப்பும் செலவு மட்டுமே மிச்சம். அதனால்தான் வேகம் விழவில்லை.

இழப்பு என்பது டிசிபிக்குப் பழுது அல்ல, தகவல். எந்த வழி நிரம்பியதோ அந்த வழியில் போகும் ஓட்டத்துக்கு மட்டும் போய்ச் சேரும் தகவல். இடைநிறுத்த ஃபிரேம் அந்தத் தகவலை மறைத்துவிட்டு, அதன் விலையை அதே கம்பியில் போகும் எல்லோரிடமும் வசூலிக்கிறது. அது இயங்கும்போது தேக்கமும் ஒழிந்துவிடுவதில்லை. சுவிட்சின் பஃபரிலிருந்து சேமிப்புக் கணினியின் வரிசைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

யுடிபியில் நிலைமை வேறு. நிறுத்தத்தை அணைத்தபின் பழைய கணினிக்கு 200 மெகாபிட் யுடிபி அனுப்பினால் பாதிக்கு மேல் தொலைகிறது. நிறுத்தம் இருந்தால் எதுவும் தொலைவதில்லை. அனுப்பும் நிரல் காத்திருந்து 95-க்கு இறங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்போதும் மேசைக் கணினிக்கான ஓட்டம் கூடவே சரிகிறது.

நிறுத்தம் உதவிய இடம்

இடைநிறுத்தமே வேண்டாத சுமை என்று இங்கேயே எழுதி முடித்திருப்பேன். ஆனால் எல்லாப் போர்ட்களும் ஒரே வேகத்தில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அப்படிச் சொல்வது நேர்மையாக இராது என்று தோன்றியது. சேமிப்புக் கணினி, ஒரு மடிக்கணினி, இன்னொரு சிறு கணினி ஆகிய மூன்றும், மேசைக் கணினி ஒரே நேரத்தில் கேட்கும்போது, ஆளுக்கு 96 கிலோபைட் பதிலாக அனுப்பும்படி ஏற்பாடு செய்தேன். இணைப்புகளை முன்பே திறந்து வைத்து, சாளரங்கள் விரியும்வரை சற்று ஓட விட்ட பிறகே அளக்கத் தொடங்கினேன். மூன்று ஜிகாபிட் ஒரு ஜிகாபிட்டுக்குள் நுழையும்போது மிகுவது இரண்டு ஜிகாபிட். பஃபர் அரை மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். மொத்தப் பதில் 288 கிலோபைட். கணக்குப்படி இரண்டரை மில்லிவிநாடிக்குள் எல்லாம் வந்துவிட வேண்டும்.

நிறுத்தம் இயங்கியபோது ஒவ்வொரு சுற்றும் அந்த அளவிலேயே முடிந்தது. அணைத்தபோது பெரும்பாலான சுற்றுகள் சற்று நீண்டு முடிந்தாலும், அவ்வப்போது ஒரு சுற்று 200 மில்லிவிநாடிக்கு மேல் நின்றுவிட்டது. 200 என்பது தற்செயலான எண் அல்ல. பதிலின் கடைசிப் பகுதி தொலைந்தால் அதற்குப் பின்னால் வந்து இழப்பைக் காட்டிக்கொடுக்க வேறு ஃபிரேம் இல்லை. அனுப்பியவர் தன் கடிகாரம் தீரும்வரை காத்திருக்க வேண்டும். லினக்ஸில் அந்தக் கடிகாரத்தின் கீழ்வரம்பு 200 மில்லிவிநாடி. வால் பகுதி இழப்பை முன்கூட்டியே துழாவிப் பார்க்கும் ஏற்பாடு புதிய கருக்களில் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அது காப்பாற்றிவிடுவதில்லை. பலர் ஒரே கணத்தில் ஒருவரை நோக்கிப் பாயும் சேமிப்பகங்களில் நிறுத்தத்தை ஏன் விட மறுக்கிறார்கள் என்பதை அன்றுதான் என் கையால் அளந்து உணர்ந்தேன்.

பெரிய தரவு மையங்களில் இதற்கு ஒரு நடுவழி உண்டு. 2011-இல் வெளிவந்த 802.1க்யூபிபி நெறி, போக்குவரத்தை எட்டு முன்னுரிமை வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பையும் தனித்தனியே நிறுத்த வழி செய்கிறது. நிறுத்த ஃபிரேமில் ஒரு எண்ணுக்குப் பதில் எட்டு எண்கள் இருக்கும். இழப்பைத் தாங்காத சேமிப்புப் போக்குவரத்து ஒரு வகுப்பில் நிற்க, மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த ஒரு வகுப்புக்குள் தலைமறிப்பு அப்படியேதான் இருக்கிறது. என் சுவிட்சில் இந்த வசதி இல்லை, சோதிக்கவும் இல்லை.

நிறுத்தத்துக்கென்று பஃபரில் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதையும் சொல்ல வேண்டும். நில் என்று சொன்ன மறுகணமே தரவு நின்றுவிடாது. நிறுத்த ஃபிரேம் ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும் ஒரு முழு ஃபிரேமுக்குப் பின்னால் காத்திருக்கக்கூடும். மறுமுனையும் தான் அனுப்பத் தொடங்கிவிட்ட ஃபிரேமை முடித்துவிட்டே நிற்கும். அந்த இடைவேளையில் வருபவற்றை ஏந்திக்கொள்ள ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூன்று நான்கு கிலோபைட் காலியாக வைத்திருக்க வேண்டும். 9000 பைட் பெரிய ஃபிரேம்களை இயக்கினால் அது ஆறு மடங்காகும். எட்டுப் போர்ட்டுக்கும் அப்படி ஒதுக்கினால் 192 கிலோபைட்டில் மிஞ்சுவது சொற்பம். பெரிய ஃபிரேமும் சிறிய பஃபரும் நிறுத்தமும் ஒன்றாக ஒத்துப்போகா.

உறைந்துபோன கணினி

இவ்வளவும் நடந்து முடிந்தபின், பல மாதங்களுக்கு முன் என்னை வாட்டிய வேறொரு கோளாறு நினைவுக்கு வந்தது. ஒருநாள் வலையமைப்பு முழுவதும் நின்றுபோய், சுவிட்சின் விளக்குகள் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. சுவிட்சை அணைத்துப் போட்டால் சில நிமிடங்கள் ஓடி, மறுபடி நின்றது. ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிக்கொண்டே வந்ததில், பழைய கணினியின் கம்பியைப் பிடுங்கியதும் எல்லாம் உயிர்பெற்றன. அந்தக் கணினி அதற்கு முன்பே உறைந்துபோயிருந்தது. உறைந்த கணினி எப்படி மற்றவற்றை நிறுத்தும் என்று அப்போது விளங்கவில்லை; கம்பிதான் கெட்டிருக்கும் என்று மாற்றிவிட்டு மறந்துவிட்டேன்.

இப்போது அதை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். லினக்ஸ் கருவைச் செயற்கையாக வீழ்த்த சிஸ்ஆர்க்யூ தூண்டி என்ற கோப்பில் சி என்ற எழுத்தை எழுதினால் போதும். (வட்டில் முக்கியமானது எதுவும் இல்லாத கணினியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும், எழுதப்படாமல் நினைவகத்தில் இருப்பதெல்லாம் போய்விடும்.) கரு விழுந்தாலும் வலையமைப்பு அட்டைக்கு மின்சாரம் இருக்கிறது, இணைப்பு விளக்கு எரிகிறது. வருகிற ஃபிரேம்களை அட்டை தன் பெறுவளையத்தில் (வந்தவை வரிசையில் காத்திருக்கும் இடத்தில்) வைத்துக்கொண்டே இருக்கும். அந்த அட்டையில் வளையத்தின் இடங்கள் 256. எடுத்துச் செல்ல ஆளில்லை. எல்லாக் கணினிகளுக்கும் போகும் பொது அறிவிப்பு ஃபிரேம்கள் விநாடிக்கு ஒன்றிரண்டு வந்தாலே சில நிமிடங்களில் வளையம் நிரம்பிவிடும். பிறகு அட்டையின் உள் நினைவகமும் நிரம்பும். அதன்பின் அட்டை தனக்குத் தெரிந்த ஒரே செயலைச் செய்கிறது: நில் என்று சுவிட்சிடம் சொல்லி, நேரம் தீருமுன் மறுபடியும் நில் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

பொது அறிவிப்பு பிங்கை வேறொரு கணினியிலிருந்து வேகமாக அனுப்பியதால் நான் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கரு விழுந்து ஒரு நிமிடம் கழிந்தபின், மேசைக் கணினிக்கும் சேமிப்புக் கணினிக்கும் இடையிலான பிங் முதலில் தடுமாறி, பிறகு முழுவதும் நின்றது. பழைய கணினியை நோக்கிய போர்ட் வெளியே விட முடியாமல் தேக்கிவைத்தது. தேங்கியவற்றை அனுப்பிய போர்ட்களைச் சுவிட்ச் நிறுத்தியது. அறிவிப்பு ஃபிரேம்களை எல்லோரும் அனுப்புவதால் எல்லோரும் நின்றார்கள். கம்பியைப் பிடுங்கிய அரை விநாடியில் எல்லாம் ஓடின. வீழ்ச்சிக்கும் உறைவுக்கும் இடையே இயல்பாகச் சில நிமிட இடைவெளி இருப்பதால்தான் முன்பு நான் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை.

இப்போதைய ஏற்பாடு

எட்டுப் போர்ட் கொண்ட, உலாவி வழி அமைக்கக்கூடிய வேறொரு சுவிட்சை நடுவில் வைத்திருக்கிறேன். அதில் எல்லாப் போர்ட்களிலும் ஃப்ளோ கண்ட்ரோல், அதாவது இந்த இடைநிறுத்தம், அணைக்கப்பட்டிருக்கிறது. கீழே போட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையைப் போர்ட் வாரியாகப் பார்க்க முடிவதே அதன் பெரிய பயன். மேலாண்மை இல்லாத சுவிட்சில் இழப்பு நடந்ததை டிசிபியின் மறு அனுப்பீட்டைக் கொண்டு ஊகிக்கத்தான் முடிந்தது.

இரண்டாம் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் கட்டளைக்கு விநாடிக்கு 10,500 கிலோபைட் என்று வேக வரம்பு கொடுத்தேன். ஆர்சிங்க் சீராக அனுப்புவதில்லை, கொத்துக் கொத்தாகவே அனுப்புகிறது. ஆனாலும் அந்தக் கொத்துகள் 130 கிலோபைட்டுக்குள் அடங்குவதாகவே தெரிகிறது. வரம்பு இல்லாத இரவில் பழைய கணினியின் போர்ட்டில் ஆயிரக்கணக்கில் இருந்த இழப்பு, வரம்பு கொடுத்தபின் சில இரவுகளில் பூஜ்யமாகவும் சில இரவுகளில் இரண்டு இலக்கத்திலும் இருக்கிறது. மேசைக் கணினிக்கான நகல் வேகம் பிரதி ஓடும்போதும் 100 மெகாபைட்டுக்குக் கீழே போகவில்லை.

மூன்று கணினிகள் ஒரே நேரத்தில் பதிலளிக்கும் சோதனையில் கண்ட 200 மில்லிவிநாடி நிறுத்தம் இந்த ஏற்பாட்டில் இன்னும் இருக்கிறது. என் அன்றாட வேலையில் அப்படி ஒரே கணத்தில் மூன்று பேர் பாயும் தருணம் வருவதில்லை என்பதால் அதை அப்படியே விட்டிருக்கிறேன். பழைய சுவிட்ச் இப்போது அச்சுப்பொறிக்கும் இரண்டு கேமராக்களுக்கும் போகிறது. மூன்றும் 100 மெகாபிட் கருவிகள். அதை நடுச் சுவிட்சுடன் சேர்க்கும் கம்பியில், நடுச் சுவிட்சின் பக்கம் நிறுத்தம் அணைந்திருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தில் எது உறைந்தாலும் அந்த உறைவு கம்பியைத் தாண்டி வராது.